கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய பேக்கிங்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பழைய சாக்கை விரித்து, சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பிரித்துப் போட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு ‘ஐயையோ, பேக்கிங் கிழிஞ்சுபோச்சே’ என்று தலையில் கை வைத்து உட்காரும் அன்பர்கள் அனைவருக்கும்,



நானும் உங்கள் கூட்டம்தான். மெக்கானிக் இல்லை. முப்பது வருஷம் அலுவலகத்தில் கணக்குப் பேரேடு பார்த்தவன். வீட்டில் ஒரு ஆர்எக்ஸ் 100, ஒரு ஸ்பிளெண்டர். இரண்டையும் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை என்ற வீம்பு இருக்கிறது. அந்த வீம்புக்கு நான் கொடுத்த விலையையும் இந்த மடலில் மறைக்கப் போவதில்லை.

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் ஸ்பிளெண்டரைக் கொண்டுவந்து நிறுத்தினான். கிளட்ச் பிளேட்டைத் தானே மாற்றியிருக்கிறான். நல்ல விஷயம். “பழைய பேக்கிங்கையே போட்டுட்டேன் அங்கிள். ஒழுகக் கூடாதுன்னு ஒரு ட்யூப் சிலிக்கானையும் பூசிட்டேன்” என்றான். ஒழுகவில்லைதான். ஆனால் தலைப் பக்கம் டக் டக்கென்று சத்தம். வலது கவரைத் திறந்து, அடியில் செருகியிருக்கும் எண்ணெய் வடிகட்டி வலையை உருவினோம். வேக வைத்த சேமியா மாதிரி சாம்பல் நிறத்தில் சிலிக்கான் இழைகள் வலை முழுக்க அப்பிக் கிடந்தன. பம்ப் எண்ணெயை உறிஞ்சுவது அந்த வலை வழியாகத்தான். மேலே கேம் ஷாஃப்ட் எண்ணெய்க்கு ஏங்கிக்கொண்டிருக்க, கீழே சேமியா கிண்டிக்கொண்டிருந்திருக்கிறது எஞ்சின்.

அதைப் பார்த்த அன்றுதான் இந்த மடலை எழுதத் தோன்றியது.

கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் ‘எப்பவும் புதுசு போடுங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சரியான பேச்சுதான். ஆனால் நம் பிழைப்பு அப்படியில்லையே. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும், திங்கட்கிழமை காலையில் வண்டி வேண்டும். பழைய மாடலுக்குக் கடையில் ‘அது வர்றதில்ல சார்’ என்பார்கள். வந்தாலும் டூப்ளிகேட் கிட்டில் ஓட்டை ஒரு பக்கம், போல்ட் ஒரு பக்கம் நிற்கும். ஆகவே நாம் வெட்டத்தான் போகிறோம், பழசை மறுபடி போடத்தான் போகிறோம். எங்கே செய்யலாம், எங்கே செய்தால் பிஸ்டனைக் காவு கொடுப்போம் என்பதுதான் பேச்சு.

ஒரு சின்ன விஷயம். புத்தகத்தில் கேஸ்கட், பட்டறையில் பேக்கிங். கடையில் போய் ‘கேஸ்கட் இருக்கா’ என்று சுத்தமாகக் கேட்டால், ஆள் புதுசு என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். விலையும் அதற்கேற்ப வரும். நான் இந்த மடலில் பேக்கிங் என்றே எழுதுகிறேன்.

இனி என் கதை.

வெகு வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் காலை புதுக்கோட்டையில் சித்தி மகனுக்குக் கல்யாணம். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்துப் பாதைதானே, ஆர்எக்ஸிலேயே போய்விடலாம் என்று முடிவு. போகிற வண்டி சும்மா போகலாமா? ரிங்கைப் பார்த்துவிடுவோம் என்று ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றினேன். பிளாக் கிராங்க் கேஸில் உட்காரும் இடத்தில் இருந்த அடி பேக்கிங் இரண்டாகப் பிய்ந்து, பாதி பிளாக்கோடும் பாதி கேஸோடும் ஒட்டிக்கொண்டது. மணி ஒன்பதரை. கடை கிடையாது. வீட்டில் தேடினேன். கெட்டியாக, மடங்காமல், அளவாகக் கிடைத்த ஒரே அட்டை அந்தக் கல்யாணப் பத்திரிகைதான். மேலே வழவழவென்று மினுக்குப் பூச்சு; பொன்னெழுத்து எழும்பி நிற்கும். முகூர்த்த நேரத்தை மனப்பாடம் செய்துகொண்டு கத்தரிக்கோலை எடுத்தேன்.

காலையில் ஒரே உதையில் வண்டி கிளம்பியது. ஐடிலிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக நின்றது. ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்கவில்லை, ஒரு கணம் தயங்கித்தான் இறங்கியது. ‘ரிங்கைச் சுத்தம் பண்ணினதில் வண்டி நல்லா டியூன் ஆயிடுச்சு’ என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். அன்பர்களே, அந்தத் தயக்கம்தான் முதல் எச்சரிக்கை. அதையே பாராட்டுப் பத்திரம் என்று வாசித்த மகானுபாவன் நான்.

கீரனூர் வருவதற்குள், முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, வண்டியின் குரல் மெலிந்து கீச்சென்று ஆனது. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி வேகம் இறங்கியது. டூ-ஸ்ட்ரோக் ஓட்டுகிறவனுக்கு இரண்டு விரல் எப்போதும் கிளட்ச்சின் மேல் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தது அன்றைக்கு உயிரைக் காத்தது. கிளட்ச்சைப் பிடித்தேன். எஞ்சின் நின்றது. சக்கரம் உருண்டு ஒரு புளியமரத்தடியில் போய் நின்றேன். கிக்கரை மிதித்தால் பாறையை மிதிக்கிற மாதிரி இருந்தது. பிஸ்டன் பிளாக்கைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

வண்டியை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து, இரண்டாம் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். “பத்திரிகை வந்துச்சாப்பா?” என்று கேட்டாள் சித்தி. வந்தது, ஆனால் எஞ்சினுக்குள் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

மறு வாரம் பாலக்கரைப் பக்கம் எனக்குப் பழக்கமான பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். அப்போதே அறுபது வயதிருக்கும். பிளாக்கைத் தூக்கி, அடியிலிருந்து பத்திரிகையை நகத்தால் உரித்தார். எண்ணெய் ஊறி அட்டை அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. மணமகளின் தகப்பனார் பெயர் பொன்னெழுத்தில் எழும்பி நின்ற இடத்தில், உள்ளேயிருந்து வெளியே வரை ஒரு கறுப்புக் கோடு. காற்று போய்வந்த தடம். பாய் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். சிரிக்கவில்லை. “தம்பி, எண்ணெய் நிக்கிற இடமா, காத்து நிக்கிற இடமான்னு பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

இத்தனை வருஷத்தில் பேக்கிங் பற்றி நான் கேட்ட கேள்விகளில் இதைவிட உருப்படியானது வேறில்லை.

டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான். பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வருகிறது. அடி பேக்கிங்கில் முடி அளவு இடைவெளி இருந்தால் போதும். கார்புரேட்டர் அளந்து அனுப்பாத காற்று அந்த வழியாகவும் உள்ளே நுழையும். பெட்ரோல் அதே அளவு, காற்று கூடுதல். கலவை மெலிந்து சூடு ஏறும். அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்பு ஸ்லீவைவிட அதிகமாக விரியும். இறுகும், உரசும், பிடிக்கும். வெளியே ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகியிருந்தால்கூட நான் கவனித்திருப்பேன். காற்று உள்ளே போவது கண்ணுக்கா தெரியும்? கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் மேனிஃபோல்டில் இருக்கும் பேக்கிங்குக்கும் இதே கதைதான். அங்கே பழைய டயர் ட்யூபை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் உப்பி, கொழகொழத்து, ஒரு நாள் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும்.

0.50 ஓவர்சைஸ் போர் அடித்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டு வண்டியை எடுத்துவந்தேன். அந்தக் காசுக்கு அடி பேக்கிங் மூட்டையாக வாங்கியிருக்கலாம்.

பாய் கேட்ட கேள்வியை நான் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன். எண்ணெய் நிற்கிற இடம், காற்று நிற்கிற இடம், நெருப்பு நிற்கிற இடம். இவை போக, அளவு நிற்கிற இடம். கடைசியைத்தான் நம்மில் பலர் யோசிப்பதே இல்லை.

பேக்கிங் இரண்டு உலோகத்துக்கு நடுவே அடைத்துக்கொண்டு கிடப்பதோடு சில இடங்களில் அந்த இரண்டையும் இவ்வளவு தூரத்தில்தான் நிறுத்த வேண்டும் என்ற பொறுப்பையும் சுமக்கிறது. ஸ்பிளெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ., ஆக 97.2 சி.சி. அழுத்த விகிதம் 9-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 12.15 சி.சி. இப்போது பிளாக்குக்கு அடியில் அரை மி.மீ. கூடுதல் தடிப்பில் அட்டை வெட்டிப் போடுகிறீர்கள். அந்த அரை மி.மீ., 50 மி.மீ. வட்டத்தில் கிட்டத்தட்ட 1 சி.சி. ஆகிறது. விகிதம் 8.4-க்கு இறங்கிவிடும். மேட்டில் வண்டி மூச்சு வாங்கும், நீங்கள் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அது மட்டுமா? கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது, கிராங்க் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடினால் செயின் இழுபட்டு, வால்வு திறக்கும் நேரமும் ஒரு இம்மி பிந்தும். டூ-ஸ்ட்ரோக்கிலோ பிளாக் உயர்ந்தால் போர்ட்டுகள் எல்லாமே இடம் மாறும்.

தடிப்பான பேக்கிங்கை வேண்டுமென்றே போடுகிற சூழ்நிலைகளும் உண்டு. 1990-களின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமல், துளி பெட்ரோலைக் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள் மக்கள். மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது, தட்டும். அப்படி ஒரு எரிபொருளைக் குடிக்க வேண்டிய எஞ்சினுக்கு அழுத்தம் குறைவது வரம். பங்க்கில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளும் நமக்கு அந்தத் தேவை இல்லை. அட்டை கையில் கிடைத்தது என்பதற்காக அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வானேன்?

அளவு நிற்கிற இன்னொரு இடம் எண்ணெய் பம்பின் மூடி. உள்ளே சுழலும் பகுதிக்கும் மூடிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி நூலிழை அளவு. பேக்கிங் தடித்தால் பம்ப் சுழலும், எண்ணெய் ஏறாது. நடுவே பேக்கிங் வைத்து இரண்டு கிராங்க் கேஸ் பாதிகளைச் சேர்க்கும் எஞ்சின்களில், கியர் ஷாஃப்டுகள் பக்கவாட்டில் எவ்வளவு ஆடலாம் என்பதையும் அந்தக் காகிதமே தீர்மானிக்கிறது. இந்த இடங்களில் வெட்டியே தீர வேண்டுமென்றால், பழைய பேக்கிங்கின் கிழியாத ஒரு துண்டை வெர்னியரில் அளந்து, அதே தடிப்பில் ஷீட் வாங்குங்கள். பேக்கிங் ஷீட் கடைகளில் 0.25, 0.5, 0.8 மி.மீ. என்று கேட்டு வாங்கலாம். ‘ஏறத்தாழ’ என்ற வார்த்தையை இங்கே மட்டும் மறந்துவிடுங்கள்.

நெருப்பு நிற்கிற இடம் என்றால் ஹெட் பேக்கிங். இதைப் பற்றி நீட்ட எதுவும் இல்லை. ஃபோர்-ஸ்ட்ரோக் ஹெட் பேக்கிங் ஒரு முறை நசுங்கிவிட்டால் மறுபடி எழாது. சிலிண்டரைச் சுற்றி ஓடும் உலோக விளிம்பு ஏற்கெனவே தன் வடிவத்தை எடுத்துக்கொண்டாகிவிட்டது. பழசைப் போட்டுத் தப்பித்தவர்கள் இருக்கலாம். தப்பிக்காதவர்களின் ஹெட்டில் நெருப்பு அரித்த வாய்க்காலை நான் பார்த்திருக்கிறேன். அட்டை, சிலிக்கான், கோக் கேனை வெட்டிய தகடு, எதுவும் அங்கே வேண்டாம். கடை திறக்கும் வரை பஸ்ஸில் போங்கள்.

ஒரே விலக்கு, முழுக்கச் செப்புத் தகட்டால் ஆன பழைய ஹெட் பேக்கிங். அதையும் எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் செப்பு வாஷரையும் திரும்ப உயிர்ப்பிக்கலாம். நசுங்க நசுங்கச் செம்பு கெட்டிப்படும். கெட்டிப்பட்ட செம்பு இடைவெளியை நிரப்பாது. மங்கிய சிவப்பு வரும் வரை சூடேற்றித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். எஃகைத் தண்ணீரில் போட்டால் இறுகும் என்பது நமக்குத் தெரியும். செம்புக்கு அந்தக் குணம் கிடையாது. பயப்படாமல் போடலாம், மேலே படிந்த கருக்கும் உதிர்ந்துவிடும். வாஷரை எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில்தான் காய்ச்சுவேன், இடுக்கியால் பிடித்து. விளக்கைக் கொஞ்சம் அணைத்துக்கொண்டால்தான் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியும். இருட்டில் அடுப்படியில் நின்று மோதிரம் போல ஒன்றைச் சிவக்கக் காய்ச்சும் புருஷனைப் பார்த்து என் வீட்டுக்காரி ஒன்றும் சொல்வதில்லை. பால் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

சரி, தைரியமாகப் பழசைப் போடக்கூடிய இடம் எது? எண்ணெய் வெறுமனே தெளித்துக்கொண்டிருக்கும் பக்கக் கவர்கள்தான். கிளட்ச் கவர், எண்ணெய் படும் வண்டிகளில் மேக்னெட் கவர். காகிதம் எங்கும் கிழியாமல், மடிப்பு விழாமல், ஒரு முகத்தோடு முழுசாக ஒட்டிக்கொண்டு வந்ததா? அப்படியானால் அதை உரிக்கவே உரிக்காதீர்கள். ஒட்டிய இடத்திலேயே இருக்கட்டும். வெளியே தெரியும் முகத்தை மட்டும் துணியால் துடைத்து, விரலால் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவி மூடுங்கள். எத்தனையோ முறை எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. புதுப் பேக்கிங் போடும்போதும் இதையே யோசித்துச் செய்யலாம். கவர் பக்க முகத்தில் கொஞ்சம் பசை, எஞ்சின் பக்க முகத்தில் கிரீஸ். அடுத்த முறை திறக்கையில் பேக்கிங் கவரோடு அழகாக வந்துவிடும், கிழியாது. வீட்டில் வண்டி பிரிப்பவனுக்கு அடுத்த முறை என்பது நிச்சயம் உண்டு.

வெட்டுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம். அது எனக்குப் பிடித்த வேலை.

பட்டறைகளில் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கவரின் மேல் ஷீட்டை வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டியே வெட்டிவிடுவார்கள். பார்க்க வித்தை மாதிரி இருக்கும். அவர்கள் கை பழகிய கை. நாம் தட்டினால் மெத்தென்ற அலுமினிய விளிம்பு நசுங்கி, எந்தப் பேக்கிங் போட்டாலும் அந்த இடத்தில் ஒழுகும். அதனால் நான் அச்சு எடுக்கிறேன். கவரைச் சுத்தமாகத் துடைத்து, ஓரத்தில் மட்டும் கரி கலந்த பழைய எஞ்சின் ஆயிலை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். ஷீட்டைச் சமமான மேசையில் விரித்து, கவரைக் கவிழ்த்து, நகராமல் இரண்டு கையாலும் ஒரு அழுத்து. எடுத்தால் வெள்ளைத் தாளில் கை ரேகை உருட்டிய மாதிரி, போல்ட் ஓட்டை, டோவல் ஓட்டை, எண்ணெய் போகும் சின்னக் கண் எல்லாம் பதிந்திருக்கும்.

முதலில் ஓட்டை, பிறகுதான் ஓரம். இதை மாற்றிச் செய்தால் ஒல்லியான ஓரத்தில் ஓட்டை போடும்போது கிழிந்துவிடும். ஓட்டைக்கு ஹாலோ பஞ்ச் இருந்தால் உத்தமம். இல்லாதவர்கள் பழைய ரேடியோ ஏரியலின் குழாயை அறுத்து, வாயை அரத்தால் கூராக்கிக்கொள்ளலாம். அடுக்கடுக்கான ஏரியல் என்பதால் ஒவ்வொரு சைஸிலும் ஒரு பஞ்ச் கிடைக்கும். அடியில் மரக்கட்டை வைத்து ஒரே தட்டு. பிறகு இரண்டு போல்ட்டைச் செருகி ஷீட்டைக் கவரில் நிறுத்திப் பார்த்து, உள் ஓரத்தை பிளேடாலும் வெளி ஓரத்தைக் கத்தரியாலும் வெட்டுங்கள். உள்ளே ஒரு மி.மீ. துருத்திக்கொண்டு நின்றாலும் கிளட்ச்சில் உரசும், எண்ணெய்க் கண்ணை மறைக்கும். எண்ணெய்க் கண்ணை எண்ணுங்கள். மறுபடியும் எண்ணுங்கள். ஒரு கண்ணை வெட்ட மறந்த பேக்கிங், ஒழுகும் பேக்கிங்கைவிட ஆயிரம் மடங்கு மோசம். கடையில் வாங்கிய டூப்ளிகேட்டையும் இப்படி வைத்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

என்ன தாள் என்று கேட்பீர்கள். எண்ணெய்க்கென்றே செய்த பேக்கிங் ஷீட்தான் சரி. எண்ணெய் பட்டதும் கொஞ்சம் உறிஞ்சி, ஊறி, கவரில் இருக்கும் மெல்லிய கீறல்களை நிரப்பிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அவசரத்துக்கு, எண்ணெய் தெளிக்கிற இடத்துக்கு மட்டும், பூச்சில்லாத பழுப்பு அட்டையை எண்ணெயில் ஊற வைத்துப் போடலாம். அடுத்த வாரம் மாற்றிவிட வேண்டும். மினுக்குத் தாள் எதுவும் வேண்டாம். ஏன் என்பதற்கு என் சித்தி மகன் கல்யாணமே சாட்சி.

தினசரி காலண்டர் அட்டையை வெட்டிப் போடலாமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். போடாதீர்கள். ரொம்பத் தடி, உள்ளே வெறும் கூழ். ஆனால் அந்த அட்டைக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. கிளட்ச் கவரின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி நிறுத்திவிடுங்கள். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் அடி முட்டி கேஸ் விரிசல் விடும். குட்டையை நீள ஓட்டையில் போட்டால் இரண்டே மரையில் தொங்கி, மரையையே பிடுங்கிக்கொண்டு வரும். சாமி படம் போட்ட அட்டையில் ஓட்டை குத்த எனக்கு மனசு வருவதில்லை. நகைக்கடைக் காலண்டராகப் பார்த்து எடுத்துவைப்பேன்.

இப்போது அந்தச் சேமியா. ட்யூபில் வரும் சிலிக்கான் கெட்ட பொருள் இல்லை. இன்றைய பல வண்டிகளில் கம்பெனியே சில மூட்டுகளில் காகிதம் இல்லாமல் திரவப் பேக்கிங்தான் போடுகிறது. ஆனால் எவ்வளவு? ஒரு நூல் கனம். கவரை அழுத்தும்போது வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அதே அளவு உள்ளேயும் பிதுங்குகிறது. வெளியே பிதுங்கியதை விரலால் வழித்து அழகு பார்க்கிறோம், உள்ளே தொங்குவதை யார் வழிப்பது? காகிதப் பேக்கிங்கும் போட்டு அதன் மேல் இதையும் அப்புவது இன்னும் தப்பு. காகிதம் வழுக்கி, போல்ட் இறுக்கும்போது பிதுங்கி வெளியே வந்துவிடும். பூசிய உடனே எண்ணெய் ஊற்றி உதைக்கவும் கூடாது. ராத்திரி பூசினால் மறுநாள் ராத்திரி கிளப்புங்கள். பெட்ரோல் படும் இடத்தில், அதாவது கார்புரேட்டர் பக்கம், சாதாரண சிலிக்கானைக் கொண்டுபோகவே போகாதீர்கள். ஊறி உப்பி உதிரும்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும் வேலையை எல்லோரும் கடைசியாக, அவசரமாகச் செய்கிறோம். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவது, ஆக்ஸா பிளேடால் வழிப்பது. அலுமினியத்தில் விழும் ஒவ்வொரு கீறலும் எண்ணெய்க்கு நாம் வெட்டிக் கொடுக்கும் வாய்க்கால். தின்னரைத் துணியில் நனைத்துப் பத்து நிமிஷம் மேலே போட்டுவையுங்கள், ஊறட்டும். பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை உடைத்து அதன் முனையால் தள்ளுங்கள். பொறுமை இருந்தால் நகமே போதும்.

இன்னொன்று, விளையாட்டாகச் சொல்லவில்லை. பழைய வண்டிகளின் பேக்கிங்கில், முக்கியமாக ஹெட்டிலும் சைலன்சர் மூட்டிலும், அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் அதன் உபயோகம் முழுக்கத் தடை செய்யப்பட்டதும் இல்லை. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. அதன் வினை பல பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். பழைய சாம்பல் நிறப் பேக்கிங்கைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ் போட்ட டிரில்லால் தேய்க்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். நனைத்து, ஈரத்தோடு எடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தால் உள்ளே அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு நல்ல பேக்கிங் போட்டாலும் ஒழுகுகிறது என்றால், குற்றம் காகிதத்தில் இல்லாமலும் இருக்கலாம். கவரே வளைந்திருக்கும். ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் எமரி ஷீட்டை விரித்து, சொட்டு எண்ணெய் விட்டு, கவரின் முகத்தை எட்டு போடுவது போல நாலு சுற்று தேயுங்கள். மேடான இடம் பளபளக்கும், பள்ளம் மங்கலாகவே நிற்கும். பெரும்பாலும் பள்ளம் இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இருக்கும். காரணம் நம் கைதான். ஒழுகுகிறதே என்று ஒரு போல்ட்டை மட்டும் முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருப்போம். அந்தச் சின்ன 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு ஒரு கிலோகிராம்-மீட்டர் முறுக்கு போதும், அதாவது 10 நியூட்டன்-மீட்டர். நீளக் கைப்பிடி ஸ்பேனரை விட்டுவிட்டு டி-ஸ்பேனரை விரல் நுனியில் பிடித்து, குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்கினால் டார்க் ரெஞ்ச் இல்லாமலே ஓரளவு வந்துவிடும். மரை போய்விட்டால் ஹெலிகாயில், அதற்கு லேத் பட்டறை, அதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை.

அந்தத் தெருப் பையனின் வண்டி பிழைத்துவிட்டது. வலையைக் கழுவி, எண்ணெய் வழிகளில் காற்றடித்து, ராக்கர் ஆர்ம் இரண்டை மாற்றினோம். பேக்கிங்கை அவனையே அச்செடுத்து வெட்டச் சொன்னேன். முதலில் வெட்டியதில் ஒரு எண்ணெய்க் கண் குறைந்தது. எண்ணச் சொன்னேன், எண்ணினான், நாக்கைக் கடித்துக்கொண்டான். இரண்டாவது சரியாக வந்தது. முதலாவதைத் தூக்கி எறியாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் ஆர்எக்ஸின் பிளாக்கைத் தூக்குகிறேன். அடி பேக்கிங்கை சனிக்கிழமை மத்தியானமே வாங்கி வைத்துவிட்டேன். அலமாரியில் கல்யாணப் பத்திரிகை நாலைந்து இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று வேறு தட்டில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எண்ணெய்க் கையோடு,
உங்களில் ஒருவன்
திருச்சிராப்பள்ளி